காத்தைக் கூட்டு

"மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குதுங்க" என்று நான் போனில் சொன்னபோது காலை பத்து மணி. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து என் வீட்டுக்காரர் மூச்சைச் சேர்த்துச் சேர்த்துச் சொன்னார்: "காத்தக் கொஞ்சம்... கூட்டி விடு." அதற்குள் டாக்டர் வந்துவிட்டார்.

அவருடைய தொட்டிக்கு இரண்டு குழாய். மோட்டாரிலிருந்து மீனுக்கு வரும் காற்று ஒன்று. சிலிண்டரிலிருந்து செடிக்கு வரும் கரியமில வாயு இன்னொன்று. மனிதர் இரண்டையுமே காத்து என்றுதான் சொல்லித் தொலைப்பார். வாயு கூடினால் செடி செழிக்கும், மீனுக்கு மூச்சு முட்டும் என்று முப்பது தடவையாவது சொல்லியிருப்பார். நான் காதில் வாங்கினால்தானே? பிள்ளை இல்லாத வீட்டில் பத்தொன்பது மீன்களைக் கொஞ்சுகிறவர் மேல் எனக்கு எப்போதும் ஒரு கடுப்பு. ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, "நான் வர்ற வரைக்கும் உயிரோட வெச்சிரு, போதும்" என்று கெஞ்சினாரே, அதற்குத் தலையாட்டியிருந்தேன்.

அவர் சொன்ன காத்து இதுதான் என்று சிலிண்டர் திருகைத் திறந்துவிட்டேன். தொட்டிக்குள் கண்ணாடியில் ஒட்டியிருந்த, வாயு அளவைக் காட்டும் சின்னக் குண்டு பச்சையாகத்தான் இருந்தது. பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் ஆபத்து. அது நிறம் மாற இரண்டு மணி நேரம் பிடிக்கும் என்பதை மறந்தே போனேன்.

துணி துவைத்துவிட்டு வந்தால் குண்டு மஞ்சள். பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன்! வலையால் அள்ளி எண்ணினேன். பத்தொன்பதும் போயிருந்தன. இலைகளிலெல்லாம் முத்து முத்தாகக் குமிழிகள். அந்தச் செடிகள் அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனதும் முகமூடிக்குள்ளிருந்து முதல் கேள்வி அதுதான். "நம்மாளுங்க எப்படி இருக்காங்க?"

"உங்கள மாதிரிதான், திமிரா."

"போட்டோ காட்டு."

செடியை மட்டும் எடுத்திருந்த படத்தைக் காட்டினேன். மூலையில் குண்டும் விழுந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. அவர் வெகுநேரம் பார்த்தார்.

"மஞ்சளா இருக்கே."

"நீங்கதான காத்தக் கூட்டச் சொன்னீங்க..." அழுதுவிட்டேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மோட்டார்னு சொல்லியிருக்கணும். என் தப்புதான்" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். பிறகு இருமல் பிடித்துக்கொண்டது. நிற்கவேயில்லை.

நர்ஸ் ஓடிவந்தாள். "காத்து பத்தலையா ஐயா? கொஞ்சம் கூட்டி விடறேன்" என்று சுவரிலிருந்த திருகில் கை வைத்தாள்.

பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். "எந்தக் காத்து?"

"ஆக்சிஜன்தாம்மா. விடுங்க!"

விட வேண்டும் என்று தெரிகிறது. விரல்கள் பிரிய மாட்டேன் என்கின்றன. முகமூடிக்குள் அவர் வாய் திறந்து திறந்து மூடியது.