கல்யாணக் காரில் வந்த டத்தோ

கோலாலம்பூர் பணக்காரர்களை எனக்கு இருபது வருஷமாகத் தெரியும். ஆனால் மடிப்பக்கமாக மட்டும்தான் தெரியும். அவர்கள் மடியில் விரித்துக்கொள்ளும் வெள்ளை நாப்கின்கள் மறுநாள் காலையில் கிள்ளானில் இருக்கும் என் டோபிக்கு, அதாவது சலவைக்கூடத்துக்கு, வந்துவிடும். யார் நண்டு தின்றார்கள், யார் ஒயினைக் கவிழ்த்தார்கள், உதட்டுச்சாயம் பூசிய எந்த இரண்டு பேர் ஒரே நாப்கினில் வாய் துடைத்தார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. இந்த ஞானத்தை வைத்துக்கொண்டு நானும் அந்த வர்க்கத்தில் பாதி ஆள் என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் சனி பிடித்தது.

என் பெயர் பத்துமலை. நேம் கார்டில் 'பி. மலை, நிர்வாக இயக்குநர்' என்று போட்டிருக்கும். நிர்வாகம் என்றால் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து ரசீது எழுதுவது. வெளியே நீராவியில் நின்று கறையைப் பார்த்து, எதற்கு எந்த மருந்து என்று முடிவு செய்து, இருபத்தாறு பேரையும் வேலை வாங்குவது என் மனைவி தவமணி. அவளுக்கு நேம் கார்டு கிடையாது. தேவைப்படும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

எங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பழைய ஹோட்டல். டிசம்பரோடு அதை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போகிறார்கள் என்று கடிதம் வந்தது. வேறு பெரிய இடம் கிடைக்காவிட்டால் ஜனவரியில் டோபியைப் பூட்ட வேண்டியதுதான். அந்த நேரத்தில், டத்தோவுக்கும் மேலான டான்ஸ்ரீ பட்டம் வாங்கிய லாவ் பூன் ஹோக் நகர நடுவில் முன்னூறு அறையோடு ஒரு ஹோட்டலைக் கட்டி முடித்திருந்தார். நான் நான்கு மாதம் அவருடைய காரியதரிசியின் காதைத் தின்றேன். கடைசியில் அந்தப் பெண் போன் செய்து, டான்ஸ்ரீ மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார், உங்கள் மனைவியையும் அழைத்து வரச் சொன்னார் என்றாள். மனைவி எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கோலாலம்பூரிலேயே விலை கூடிய சீன உணவகத்தில் மேசை சொல்ல போன் செய்தேன். எடுத்த பெண், "டத்தோ மலையா?" என்று மரியாதையாகக் கேட்டாள். சுல்தான் யாரும் எனக்குப் பட்டம் கொடுத்ததில்லை. ஆனாலும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இருமினேன். அவள் அதை ஆமாம் என்று எழுதிக்கொண்டாள்.

அடுத்தது கார். டோபி வேனில் போய் இறங்க முடியுமா? என் அக்காள் மகன் லோகன் கிள்ளானில் கல்யாணங்களுக்குக் கார் வாடகைக்கு விடுகிறான். அவனிடம் ஒரு வெள்ளை பென்ட்லி இருந்தது. எண் பலகையில் எழுத்துக்குப் பிறகு ஒற்றை 9 மட்டும். இந்த ஊரில் காரைவிட எண்ணுக்குத்தான் மதிப்பு. ஏலத்தில் எடுத்த ஒற்றை எண்ணைப் பார்த்தால் ஹோட்டல் வாசலில் நிற்கும் காவலாளிகூட முதுகை நிமிர்த்துவான். "மாமா, பூ வாசம் அடிக்கும், கண்ணாடிய இறக்கி விட்டுக்குங்க" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தான். இருக்கை இடுக்கில் மஞ்சள் அரிசி கிடந்தது. அதை நானே பொறுக்கினேன்.

வழியெல்லாம் தவமணிக்குப் பாடம் எடுத்தேன். டான்ஸ்ரீ வீட்டுப் பெண்களெல்லாம் வேலை பார்ப்பதில்லை, நீயும் அப்படியே இருக்க வேண்டும், பிளீச், சோடா, சுருக்கம் என்று ஒரு வார்த்தை வரக் கூடாது, கேட்டால் சிரி. பிறகு அவள் கைகளைப் பார்த்தேன். மருந்துத் தண்ணீரில் வெந்து, விரல் நுனியெல்லாம் வெடித்த கைகள். கூடிய வரை கையை மேசைக்குக் கீழேயே வைத்துக்கொள் என்றேன்.

"அப்ப சாப்பாட்ட யாரு ஊட்டுவா? நீங்களா?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதை நான் நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

வாசலில் இறங்கியதும் காரை உள்ளே கொண்டுபோகாமல் எல்லாரும் பார்க்கிற இடத்திலேயே நிறுத்தினார்கள். எனக்கு நெஞ்சு ஒரு அங்குலம் விரிந்தது. உணவக மேலாளர் குனிந்து, "டத்தோ, டத்தின், வாங்க" என்றார். டத்தோவின் மனைவியை அப்படித்தான் அழைப்பார்கள். தவமணி திரும்பிப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தாள். நான் அவள் முழங்கையைப் பிடித்து உள்ளே நடத்தினேன்.

டான்ஸ்ரீ லாவ் சொன்ன நேரத்துக்கு வந்தார். எழுபது வயது இருக்கும், ஒல்லி உடம்பு, அவசரமில்லாத கண்கள். உட்கார்ந்ததும் தேநீரை முதலில் தவமணிக்கு ஊற்றினார், பிறகு எனக்கு, கடைசியில் தனக்கு. நான் பட்டியலைத் திறந்து, விலையை வலது பக்கம் பார்த்துப் பார்த்து, இருப்பதிலேயே பெரியதாக நாலைந்து சொன்னேன். அபலோன் என்கிற கடல் நத்தை ஒன்று, பெரிய மீன் ஒன்று. அபலோன் கறை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதன் ருசி எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. செருப்பின் அடிப்பாகத்தைக் குழம்பில் போட்ட மாதிரி இருந்தது. நான் கண்ணை மூடி, "ஆகா" என்றேன்.

டான்ஸ்ரீ மலாயில் மெதுவாகக் கேட்டார். "வாசல்ல நிக்கிற அந்த 9, உங்க வண்டியா?"

"ஆமா டான்ஸ்ரீ. ரொம்ப நாளா வெச்சிருக்கேன்."

அவர் தலையாட்டினார். ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த எண்ணுக்குத் தானும் ஏலம் கேட்டதாகச் சொன்னார். கிள்ளானில் கல்யாணக் கார் விடும் ஒரு பையன் அவரைவிடக் கூடுதலாகக் கேட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டானாம். அன்றிலிருந்து அந்த எண்ணை எங்கே பார்த்தாலும் வயிறு எரியுமாம். போன மாதம்கூட ஒரு கல்யாணத்தில் பார்த்தாராம், பொண்ணு மாப்பிள்ளையோடு.

நாடு முழுக்க எத்தனையோ கார் ஓடுகிறது. அந்த மனிதர் தோற்றுப்போன ஒரே எண்ணைத் தேடிப் பிடித்து அவர் எதிரிலேயே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். அபலோன் துண்டு வாயிலேயே இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

ஆனால் அவர் கோபப்படவில்லை. "பரவால்லை விடுங்க. நான் மொத மொதல்ல பேங்க் மேனேஜரப் பாக்கப் போனப்ப போட்டிருந்த கோட்டு என் மச்சானோடது" என்றார்.

புத்தியுள்ளவன் அந்த இடத்தில் பிழைத்துக்கொண்டிருப்பான். சிரித்துவிட்டு, ஆமாம் டான்ஸ்ரீ, நான் டோபிக்காரன், மன்னித்துவிடுங்கள் என்று சொல்லியிருப்பான். எனக்கோ மானம் போன ஆத்திரம். ஒரு பக்கம் சரிந்ததை இன்னொரு பக்கம் தூக்கிவிட வேண்டும் என்று பட்டது. அந்த நேரம் பார்த்து அவர் தவமணியிடம் திரும்பி, நீங்களும் டோபியைப் பார்த்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் பாய்ந்தேன்.

"சேச்சே, இவங்க டோபி வாசல்படியே மிதிச்சதில்ல, டான்ஸ்ரீ. துணி எப்படித் துவைக்கிறதுன்னே தெரியாது. வீட்டுல இருப்பாங்க, ஷாப்பிங் போவாங்க, அவ்வளவுதான்."

தவமணி என்னைப் பார்த்தாள். கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை. பிறகு மடியிலிருந்த இரண்டு கைகளையும் எடுத்து வெள்ளை மேசைத்துணியின் மேல் வைத்தாள். வெடித்த விரல்கள் பத்தும் விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தன. டான்ஸ்ரீ அவற்றைப் பார்த்தாரா என்று நான் பார்க்கவில்லை. எனக்குத் தைரியம் வரவில்லை.

அவர் பாட்டுக்கு ஒரு கதை சொன்னார். அவருடைய ஹோட்டலில் அறைகளைக் கவனிக்கும் புவான் ரொஹாயா என்ற அம்மா, பழுப்புக் கறை விழுந்த ஒரே மாதிரி மேசைத்துணிகளை ஐந்து டோபிகளுக்கு எடுத்துப் போயிருக்கிறார். யாரிடமும் ஹோட்டல் பேரைச் சொல்லவில்லை. நாலு இடத்தில் பிளீச்சை ஊற்றிக் கறையை நிரந்தரமாக்கிவிட்டார்கள். கிள்ளானில் ஒரு டோபியில் மட்டும் ஒரு பெண் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது சாப்பாட்டுக் கறை இல்லை, துரு, பிளீச் பட்டால் போகவே போகாது என்று சொல்லி, வேறு ஒரு மருந்தில் நனைத்து அரைமணி நேரத்தில் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். உங்கள் தள்ளுவண்டியின் கம்பி துருப்பிடித்திருக்கிறது, முதலில் அதை மாற்றுங்கள், இல்லாவிட்டால் யாரிடம் போட்டாலும் தண்டம் என்று திட்டியும் அனுப்பியிருக்கிறாள். காசு வாங்கவில்லை.

"எனக்குச் சாப்பாடு வேணாம், காரும் வேணாம்" என்றார் டான்ஸ்ரீ. "அந்தப் பொம்பள பொறுப்பா இருந்தா முன்னூறு அறைத் துணியும் உங்களுக்குத்தான். இத நேர்ல சொல்லத்தான் வந்தேன். அவங்க பேரு என்ன?"

கேட்ட வரம் கையில் வந்து விழுந்திருக்கிறது. நாலு எழுத்தில் ஒரு பேர். அது வெளியே வரவில்லை. கார் பொய்யை மன்னித்த மனிதரிடம், அது ஆறிப்போவதற்குள் இன்னொரு பொய் சொன்னேன் என்று எப்படி ஒத்துக்கொள்வது? இருபத்தாறு பேரின் சோறு என் நாக்கு நுனியில் நிற்கிறது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது வந்து டான்ஸ்ரீ, ஒரு அம்மா... ரொம்ப நாளா இருக்காங்க... பேரு..." என்று இழுத்தேன்.

"அவங்க வேலைய விட்டுட்டாங்க, டான்ஸ்ரீ" என்றாள் தவமணி.

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "எப்போ?"

"இப்பதான்."

டான்ஸ்ரீ சிரிக்கவில்லை. மேசை நடுவில் சுழலும் தட்டை விரலால் மெதுவாகத் திருப்பி, மீனின் தலைப்பக்கம் தவமணியின் எதிரே வரும்படி நிறுத்தினார். சீனர் விருந்தில் மீன்தலை யாரைப் பார்க்கிறதோ அவர்தான் முதல் விருந்தாளி. பிறகு என்னிடம், அந்த அம்மா திரும்பி வந்தால் போன் செய்யுங்கள், வராவிட்டால் போன் வேண்டாம் என்றார். அதற்கப்புறம் சாப்பாடு முடியும் வரை இருவரும் துருவைப் பற்றியும் தண்ணீரின் உப்பைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் கையால் மீனின் கன்னச் சதையைப் பிய்த்துச் சாப்பிட்டாள். நான் அபலோனை மென்றேன்.

திரும்பும்போது அவள் பின் இருக்கையில் ஏறிக்கொண்டாள், கல்யாணப் பொண்ணு உட்காரும் இடத்தில். 

மறுநாள் காலையில் அவள் டோபிக்கு வரவில்லை. எட்டு மணிக்கு எழுந்து, நிதானமாகத் தேநீர் குடித்தாள். கேட்டதற்கு, "வீட்டுல இருக்கேன். பதினோரு மணிக்கு ஷாப்பிங் போறேன்" என்றாள். போனாள். மூன்று நாளும் போனாள். ஒன்றும் வாங்காமல் வந்தாள்.

நான் நிர்வாகத்தை விட்டு நீராவிக்குள் இறங்கினேன். முதல் நாளே நானூறு நாப்கின்கள் ரோஜா நிறமாகின. ஒரு சிவப்புத் துணியை யாரோ உள்ளே போட்டுவிட்டார்கள். அந்த யாரோ நான்தான். இரண்டாம் நாள் ஒரு மேசைத்துணியைப் பெட்டி போடுகிறேன் என்று சுட்டுவிட்டேன். நேப்பாளத்திலிருந்து வந்து பத்து வருஷமாக எங்களோடு இருக்கும் தில்மாயா, அக்கா எங்கே, அக்கா எங்கே என்று மணிக்கொரு தரம் கேட்டாள். உடம்பு சரியில்லை என்றேன். யாருக்கு என்று கேட்டாள்.  மூன்றாம் நாள் ராத்திரி என் விரல்களைப் பார்த்தேன். மூன்று நாளில் சிவந்து தோல் உரிந்திருந்தது. மூன்று நாளுக்கே இப்படி. 

நாலாம் நாள் காலையில் சமையலறையில் அவள் முன்னால் போய் நின்றேன். தப்புப் பண்ணிவிட்டேன், உன்னை நான் அசிங்கப்படுத்திவிட்டேன், டோபியே நீதான், எனக்கு வெட்கமாக இருக்கிறது என்று எல்லாவற்றையும் கொட்டினேன். கண் கலங்கியதையும் மறைக்கவில்லை. அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"இதெல்லாம் எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எங்கிட்டயா பொய் சொன்னீங்க?"

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள். டோபிக்கு என்னோடு வந்தாள். ஆனால் எதையும் தொடவில்லை. இயந்திரங்களுக்கு நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அறைக்குள் போய்ப் பேசிவிட்டு வருகிறேன் என்றேன். இங்கேயே பேசுங்கள் என்றாள்.

எட்டு இயந்திரமும் ஓடிக்கொண்டிருந்தன. டான்ஸ்ரீ தானே போனை எடுத்தார். நான் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, "டான்ஸ்ரீ, அன்னிக்கு நீங்க கேட்ட அந்தப் பொம்பள பேரு தவமணி, அவங்க என் பொண்டாட்டி" என்றேன்.

"என்ன? சத்தத்துல கேக்கல."

இன்னும் உரக்கச் சொன்னேன். மடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பத்தொன்பது வருஷமா டோபிய நடத்தறது அவங்கதான், நான் ரசீது மட்டும்தான் எழுதறேன், அன்னிக்குச் சொன்னது பூராவும் பொய் என்று அடித்தொண்டையில் கத்தினேன்.

"கேக்கலையே மலை. இன்னும் கொஞ்சம் சத்தமா."

மூன்றாவது தடவை தொண்டை கிழியக் கத்தும்போது, தில்மாயா இயந்திரங்களை நிறுத்திவிட்டிருந்தாள். "தவமணி என் பொண்டாட்டி, நான் பொய் சொன்னேன்" என்பது அந்த அமைதியில் இருபத்தாறு பேர் காதிலும் விழுந்தது. போனில் கிழவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. முதல் தடவையே அவருக்குக் கேட்டிருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.