அதே பழுது

காலை ஏழு நாற்பதுக்கு அண்ணன் மாதுளைச் சாறோடு வந்து சேர்ந்தான். மருத்துவர் வர இன்னும் நேரம் இருந்தது.

மருத்துவமனையின் இரண்டாம் மாடிக் கூடத்தில் அவள் லிஃப்டுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். லிஃப்ட் பழுதுபார்ப்பவள். கதவு மூடும்போது கீழே ஏதோ உரசியது. வேறு கம்பெனி லிஃப்ட். இருந்தாலும் கை துறுதுறுத்தது.

"குடி," என்றான் அண்ணன். "மூஞ்சியத் தொங்கப் போடாத. நல்ல சேதிதான் வரும்னு நெனச்சுக்கோ."

"தொங்கலண்ணே. என் மூஞ்சியே இதான்."

அண்ணன் விற்பனையாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பவன். மனசு வைத்தால் எதுவும் நடக்கும் என்று மேடையில் சொல்லிச் சம்பளம் வாங்குகிறான். அவளுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்ததும் அதையே இலவசமாகச் சொன்னான். முதல் மருந்து ஏறிய வாரங்களில் ஒருமுறை விடாமல் கூட வந்தான். வாந்தி எடுத்தபோது பாத்திரம் பிடித்தான். கட்டி கரைவதைக் கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னான். அவளும் பார்த்தாள். உண்மையாகவே பார்த்தாள். ஸ்கேனில் கட்டி பெரிதாகியிருந்தது.

"நீ முழுசா மனசு வைக்கல," என்றான் அன்று காரில். கோபமாகச் சொல்லியிருந்தால் விட்டிருப்பாள். அழுதுகொண்டே சொன்னான். அதனால் நம்பினாள். அதற்குப் பிறகு குளிக்கும்போது கை கட்டியில் பட்டால், தான் ஒழுங்காகச் செய்யாத ஒரு வேலையில் பட்டதுபோல் இருந்தது.

மருத்துவர்தான் மரபணுச் சோதனைக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்த அன்று மேசையிலிருந்த தாளில் முறுக்கிய நூல் ஒன்றை வரைந்தார். செல்லுக்குள் இருக்கும் அந்த நூல் அவ்வப்போது அறும். அறுந்ததை முடிந்துகொள்ள ஒரு மரபணு உண்டு. அதன் இரண்டு பிரதிகளில் ஒன்று அவளுக்குப் பிறவியிலேயே பழுது. கட்டிக்குள் மற்றதும் போயிருந்தது. அப்படிப்பட்ட கட்டிகளில் பல, முதலில் கொடுத்த மருந்துக்கு அசைந்து கொடுப்பதில்லை.

"அப்ப, நான் ஒழுங்கா ஒத்துழைக்காததால இல்லையா?"

மருத்துவர் பேனாவை வைத்தார். "நீங்க தோக்கலம்மா. மருந்துதான் தோத்துச்சு. இப்ப நூலையே வெட்டுற மருந்து தரேன். வெட்டுனா இந்தக் கட்டியால முடிஞ்சுக்க முடியாது. எந்தப் பழுதால வளந்துச்சோ, அதே பழுதால மாட்டும்."

பிறகு அண்ணனைப் பார்த்தார். கூடப்பிறந்தவர்களுக்கும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார். ஆண்களும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள், ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். அண்ணன் போன் வந்தவன்போல எழுந்து வெளியே போனான். அவனுக்கு இரண்டும் பெண்கள். மூத்தவள் கல்லூரியில் படிக்கிறாள்.

அதற்கப்புறம் புதிய மருந்து. அது முடிந்து அறுவைச் சிகிச்சை. வெட்டி எடுத்ததைச் சோதித்த முடிவுக்குத்தான் இன்று வந்திருந்தார்கள்.

மருத்துவர் தானே கதவைத் திறந்து கூப்பிட்டார். அவர்கள் உட்காரும்வரைகூடப் பொறுக்கவில்லை.

"தேடிப் பாத்துட்டாங்க. உயிரோட ஒரு புற்றுச்செல் இல்ல."

"ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு கூட."

"நல்லாப் பாத்தாங்களா டாக்டர்? நாங்கல்லாம் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி இன்னொரு ஆள விட்டுப் பாக்கச் சொல்லுவோம்."

"இன்னொரு ஆளும் பாத்தாச்சு."

அவள் சிரித்தாள். தையல் போட்ட இடம் இழுத்தது. நிறுத்தவில்லை.

வெளியே வந்ததும் அண்ணன் கைக்குட்டையால் முகத்தை அழுந்தத் துடைத்தான். "அப்பவே சொன்னேன்ல? இந்தத் தடவ நீ மனசு வச்ச."

"இந்தத் தடவ ஒண்ணுமே வைக்கலண்ணே. மருந்து ஏறுறப்பல்லாம் குறட்டை விட்டுத் தூங்கினேன். நர்ஸக் கேளு."

"சும்மா சொல்லாத."

"லிஃப்ட் பாதியில நின்னா, உள்ள மாட்டினவங்களப் பாத்து மனசு வைங்கன்னா சொல்லுவேன்? எது போச்சுன்னு பாத்து அதுக்கு உண்டானதச் செய்வேன்."

அண்ணனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "உங்கிட்டப் பேசி ஜெயிக்க முடியுமா?"

"முடியாது. இன்னிக்கு முடியவே முடியாது."

படியிலேயே இறங்கினார்கள். அவள் இடது கையை மெல்லத் தூக்கினாள். போன வாரம் தோள் உயரத்தில் நின்றுபோன கை, இப்போது காதைத் தாண்டிப் போனது. எதிரே ஏறி வந்த ஒருவர், தன்னைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து நின்றார். அவள் அவருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கினாள்.

கீழ்த்தளத்தில் ரத்தம் எடுக்கும் அறை திறந்திருந்தது. உள்ளே கூட்டமில்லை. அவள் அங்கேயே நின்றுவிட்டாள். முன்னால் போன அண்ணன் திரும்பிப் பார்த்தான். அறையைப் பார்த்தான். பாக்கெட்டில் கார் சாவியைத் தேட ஆரம்பித்தான். சாவி கையில்தான் இருந்தது.

அவள் பக்கத்தில் போய் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பழுது எதுன்னு தெரிஞ்சதாலதாண்ணே எனக்கு வழி கெடச்சுது. உன் பொண்ணுங்களுக்குத் தெரிய வேணாமா?"