பின் சீட்டுப் பிள்ளை

லித்தியம் மாத்திரையை நான் நிறுத்தியது பிள்ளைகளின் பாதுகாப்புக்காக. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காஹாங் என்ற எஸ்டேட் ஊரில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். அதற்கு முன்னால் செம்பனை எண்ணெய் மில்லில் பாய்லர் பக்கம் இரவு ஷிஃப்ட். தூக்கம் கெட்டால் நோய் ஏறும் என்று டாக்டர் சொன்னதால் பாதியில் விட்டுவிட்டு வந்தவன். நோயின் பெயர் பைபோலார். ஏறும்போது மூன்று ஆள் வேலையை ஒருத்தனே செய்வேன். இறங்கும்போது பல் விளக்கக்கூட எழுந்திருக்க மாட்டேன். லித்தியம் என்னை நடுவில் பிடித்து வைத்தது. கூடவே கையை நடுங்க வைத்தது. ஸ்டீயரிங்கில் என் விரல் ஆடுவதைப் பார்த்த ஒரு தாய், மார்கஸ் குடித்துவிட்டு ஓட்டுகிறான் என்று கடையில் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து மாத்திரை அலமாரியில்தான் இருந்தது.

கிளினிக்கில் ரத்தம் எடுப்பதற்கு முந்தின இரண்டு நாள் மட்டும் விழுங்குவேன். ரத்தத்தில் மருந்து குறைவாக இருப்பதாக வரும். டாக்டர் டோஸை ஏற்றுவார். நான் தலையாட்டிவிட்டு வருவேன். கை நடுக்கம் நின்றது. ஊர் வாயும் நின்றது.

பிறகு அவன் ஏறினான்.

எஸ்டேட் பாதையில் ஒரு முச்சந்தி இருக்கிறது. அங்கே வீடு கிடையாது. மூன்று பக்கமும் செம்பனைதான். ஒரு மத்தியானம் பள்ளி விட்டு வரும்போது அங்கே நிறுத்திக் கதவைத் திறந்தேன். ஏன் நிறுத்தினேன் என்று யோசித்துக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தேன். கடைசி வரிசையில் இடது ஜன்னலோரம் ஒரு பையன். வெள்ளைச் சட்டை, தண்ணீர் தொட்டு வாரிய தலை. வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அவனை எனக்குத் தெரியாது.

முன் சீட்டில் உட்காரும் ஃபெலிசியா கேட்டாள், "அங்கிள், யாருமே இல்லியே, ஏன் கதவைத் தொறந்தீங்க?"

காற்று வரட்டும் என்றேன்.

மறுநாளும் நிறுத்தினேன். மறுநாளும் அவள் கேட்டாள். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை. முச்சந்தி வருவதற்குள் பின்வரிசைப் பிள்ளைகள் பையை எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார ஆரம்பித்தார்கள். நான் சொல்லவில்லை. சொன்னதாக எனக்கு நினைவில்லை. மூன்று பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அந்த இடம் மட்டும் காலியாக வரும்.

எனக்குப் பயமில்லை. இது நோய் என்று தெரியும். தெரிந்துவிட்டால் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். அவன் பேச மாட்டான், தட்ட மாட்டான், இறங்க மாட்டான். நல்ல பிள்ளை.

வேன் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வேலை உண்டு. எல்லாரும் இறங்கியதும் கடைசி சீட்டு வரைக்கும் நடந்து போய்ப் பார்க்க வேண்டும். தூங்கிவிட்ட பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டினால் நம் வெயிலில் என்ன ஆகும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. நானும் தினமும் நடந்தேன். அவன் ஏறிய பிறகு நடை குறைந்தது. கண்ணாடியில் ஒரு தலை தெரியும். அவன்தான் என்று விட்டுவிடுவேன்.

போன வெள்ளிக்கிழமை வீட்டு முன்னால் வேனை நிறுத்தினேன். கண்ணாடியில் அவன் இருந்தான். "நீ இரு" என்று சொல்லிவிட்டுப் பூட்டினேன். கேட்டைத் திறக்கும்போது பின்னால் வேன் ஜன்னலைத் தட்டும் சத்தம் கேட்டது.

அவன் தட்ட மாட்டான்.

சாவியோடு அப்படியே நின்றேன். திரும்பலாமா வேண்டாமா என்று உண்மையிலேயே யோசித்தேன். இரண்டாவது முறை தட்டல் கேட்ட பிறகுதான் திரும்பிப் போனேன்.

பின் சீட்டில் ஃபெலிசியாவின் தங்கை அபிகெயில் படுத்திருந்தாள். முதலாம் ஆண்டு படிக்கும் ஏழு வயதுப் பிள்ளை. அந்த இடம் எப்போதும் காலியாக இருப்பதால் போய்ப் படுத்திருக்கிறாள். அக்காவுக்கு அன்றைக்குக் காய்ச்சல், பள்ளிக்கு வரவில்லை, கேட்க ஆளில்லை, நானும் அவர்கள் வீட்டில் நிறுத்தவில்லை. தலை வியர்வையில் நனைந்து கிடந்தது. தூங்கிக்கொண்டிருந்தாள். நல்ல தூக்கம். உலுக்கித்தான் எழுப்பினேன்.

"நீயா தட்டுன?"

"இல்லியே அங்கிள். வீடு வந்துருச்சா?"

வீட்டில் கொண்டுபோய் விட்டேன். தூங்கிவிட்டாள் என்று மட்டும் சொன்னேன். அவள் அம்மா எனக்கு நன்றி சொல்லி ஒரு பை ரம்புத்தான் பழம் கொடுத்தாள். என் மனைவி வினிஃப்ரெட் அதை உரித்துச் சாப்பிட்டுக்கொண்டே, ஏன் நீங்கள் தொடவில்லை என்று கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன்.

செவ்வாய்க்கிழமை கிளினிக். குளுவாங் டவுன் வரைக்கும் வேனில்தான் போனோம். வினிஃப்ரெட் வெளியே உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டர் ரூபினிக்கு முப்பது வயதுகூட இருக்காது. என்னை அங்கிள் என்பார். எனக்கு நாற்பத்திரண்டு. மாத்திரை தினமும் எடுக்கிறீர்களா என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டு, எழுதுவதற்குப் பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டார். வழக்கமான பதிலைச் சொன்னால் ரம்புத்தான் பையோடு எல்லாம் முடிந்துவிடும். வேன் என் கையிலேயே இருக்கும்.

"இல்ல டாக்டர்," என்றேன். "ரொம்ப நாளா எடுக்கல. ரத்தம் எடுக்கறப்ப மட்டும் போட்டு உங்களை ஏமாத்துனேன்."

பேனாவைக் கீழே வைத்தார். திட்டவில்லை. இத்தனை தடவை ஏற்றிய டோஸை நான் ஒரு நாள் நல்ல பிள்ளையாகி முழுசாக விழுங்கியிருந்தால், ஆம்புலன்ஸில் வந்திருப்பேன் என்றார். குறைந்த அளவில் மறுபடி ஆரம்பிக்க வேண்டும், சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும், அடுத்த வாரம் ரத்தம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, வேறு என்ன என்று கேட்டார்.

வேறு என்ன என்பதைச் சொன்னேன். முச்சந்தி, காலி இடம், அபிகெயில் வரைக்கும். கடைசியில் தட்டலையும் சொன்னேன். அவன் தட்டாமல் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை செத்திருக்கும். மாத்திரை போட்டால் அவன் போய்விடுவான். அப்புறம் யார் தட்டுவது என்று கேட்டேன்.

டாக்டர் நாற்காலியை என் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"யார் தட்டுனாங்கன்னு எனக்குத் தெரியாது அங்கிள். ஆனா மாத்திரை போட்டுருந்தா நீங்க பின் சீட்டு வரைக்கும் நடந்துருப்பீங்க. தட்ட வேண்டிய வேலையே வந்துருக்காது."

கீழே வைத்த பேனாவை மறுபடி எடுத்தார்.

"இப்ப இங்க இருக்கானா?"

மற்ற கேள்விகளில் பாதியைச் சொல்லித் தப்பிக்கலாம். இதில் முடியாது. எடை பார்க்கும் மெஷினைக் காட்டினேன். அதன் மேல் ஏறி நின்று முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான். முள் அசையவில்லை.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். சும்மா பார்க்கவில்லை; அங்கே ஒரு நோயாளி நிற்பதைப் போலப் பார்த்தார். பிறகு இன்னொரு மாத்திரையும் சேர்த்து எழுதினார். எப்போது மறுபடி ஓட்டலாம் என்று தானே சொல்வதாகவும், அதுவரை வேன் சாவி என்னிடம் இருக்கக் கூடாது என்றும், அதை மனைவிக்கு நானே சொல்ல வேண்டும் என்றும் சொன்னார்.

கார் நிறுத்துமிடத்தில் வினிஃப்ரெட்டிடம் சாவியைக் கொடுத்தேன். ஏன் என்றாள். சொன்னேன். வேனில் சாய்ந்துகொண்டு முழுசாகக் கேட்டாள். நடுவில் ஒரு தடவை, அந்த ரம்புத்தானை நான் தின்றேனே என்றாள். அவ்வளவுதான்.

நான் பக்கவாட்டுக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.

"யாருக்கு நிக்கறீங்க?"

"ஏறிக்கிட்டு இருக்கான். மருந்து வேலை செய்ய நாளாகும்னு டாக்டர் சொன்னாங்க."

அவள் முகம் என்னமோ ஆனது. ஆனால் அவள் கதவை இழுத்து மூடவில்லை. ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"பெல்ட் போடச் சொல்லுங்க," என்றாள்.

வழியில், பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்று அவள் ஒரே ஒரு முறை கேட்டாள். மில்லில் என்னோடு வேலை செய்த ஜெயபாலனைக் கேட்கலாம், அபிகெயில் அம்மாவிடம் நான் போய்ப் பேசுகிறேன் என்றேன். முச்சந்தி எங்கள் பாதையில் வரவில்லை.

வீட்டு முன்னால் எஞ்சினை நிறுத்திவிட்டு அவள் இறங்கவில்லை.

"போய்ப் பாத்துட்டு வாங்க," என்றாள். "கடைசி வரைக்கும்."

நடந்தேன். ஒவ்வொரு சீட்டிலும் கை வைத்தேன். கடைசி வரிசையில் அவன் வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான், தலை இன்னும் ஈரமாக. அந்த இடத்திலும் கை வைத்தேன். வெயிலில் சுட்ட ரெக்சின்தான் கையில் பட்டது.

"யாரும் இல்ல," என்றேன்.

"நெஜமா?"

"இருக்கான். ஆனா யாரும் இல்ல."

அவள் இறங்கி வந்து தானும் ஒருமுறை பின் சீட்டு வரைக்கும் நடந்து பார்த்துவிட்டு, வேனைப் பூட்டினாள். வாசற்படி ஏறும் வரைக்கும் இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டுதான் நடந்தோம்.