முழங்காலுக்குக் கீழே

1

இந்தக் கதை ஒரு தோல் டாக்டரின் காத்திருப்பறையில் கிடைத்தது. அக்காவின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் அவள் கால்களையே பார்ப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். "எழுதறதுன்னா எழுதிக்கோ. ஆனா காலை மட்டும் அழகா எழுது."

முதல் வரி: 'அவள் கால்களில் நீல நதிகள் ஓடின.'

[அடித்துவிட்டேன். நதியும் இல்லை, ஓடையும் இல்லை. குழந்தை ஊதாப் பேனாவால் கிறுக்கியதுபோல மெல்லிய கோடுகள். சிலந்தி நரம்பு என்கிறார்கள்.]

அக்கா பார்லரில் முடி வெட்டுபவள். நாள் முழுக்க நின்றே வேலை. கால் வலிக்கவில்லை. பிறகு எதற்கு இந்தக் கோடுகளை மறைக்க ஊசி என்பீர்கள். அத்தான் சரக்குக் கப்பலில் இருக்கிறார். பல மாதங்களாகப் போன் திரையில் முகம் மட்டும் பார்த்தவர், அடுத்த மாதம் வருகிறார்.

2

இந்தப் பகுதியை அழகுபடுத்தப் பார்த்தேன், முடியவில்லை. டாக்டர் சொன்னது அப்படியே:

"மெல்லிசான ஊசியால மருந்து ஏத்துவோம். நரம்பு சுருங்கி மூடிக்கும். கொஞ்சம் எரியும். ஒரே தடவையில எல்லாம் போயிடாது. இறுக்கமான காலுறை போட்டுக்கிட்டு தினமும் நடக்கணும். முதல்ல இப்ப இருக்கறதைவிட மோசமாத் தெரியும், கன்னிப்போய், பழுப்பா. மறைய சில மாசம் ஆகும். வேற இடத்துல புதுசா வந்தாலும் வரும்."

"மாசமா? நான் வாரம்னு நெனச்சேன்."

"யாராவது வர்றாங்களா?"

அக்கா காலை நீட்டினாள்.

(இங்கேதான் என் கதாநாயகிமேல் எனக்குச் சந்தேகம் வந்தது. எழுந்து வந்திருக்க வேண்டாமா? வெளியே வந்ததும் கேட்டேன்: "அவர் வந்துட்டுப் போனப்புறம் செஞ்சிருக்கலாமே, அக்கா?"

"போனப்புறம் எனக்கு எதுலடி மனசு ஓடும்?" என்றாள்.)

3

அத்தான் வந்தபோது அவள் கால்கள் அடிபட்ட பழம்போல இருந்தன.

'அவரும் கால்சட்டையை மடித்து, எனக்கும் இருக்கு பாரு என்று...'

[வேண்டாம். சினிமா.]

நடந்தது இவ்வளவுதான். "என்னடி இது, எங்க விழுந்த?" என்று பதறினார். அக்கா சொன்னதும், "இதுக்கா?" என்றார். மறுநாள் காலையில் அவள் அந்தக் காலுறையோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்தார். பாதத்தை மடியில் வைத்து, இரண்டு கையாலும் இழுத்து ஏற்றினார்.

"கப்பல்ல கயிறு இழுக்கறதே தேவலை!"

அக்காவின் சிரிப்பு சமையலறைவரை கேட்டது. விடுமுறை முழுக்கத் தினமும் கேட்டது. பிறகு அவர் போய்விட்டார்.

4

போனப்புறம்தான் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. நேற்று அவர் அழைத்தபோது, அக்கா வெட்கப்பட்டுக்கொண்டே போனைக் கீழே இறக்கிக் காட்டினாள்.

"அட, நல்லாருக்கே! ரொம்ப நல்லாருக்கு." கொஞ்சம் தயங்கினார். "காலுறை?"

"இனிமே வேணாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

"அப்ப நான் வந்தா காலையில என்ன பண்றது?"

அவள் சொல்லக்கூடிய பதிலாக இரண்டு வரிகள் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் என் குரல்தான் கேட்டது, அவள் குரல் இல்லை. உண்மையில், அக்கா பதிலைச் சொல்லப் போனோடு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உங்களுக்கு வேண்டுமானால் போய்க் கதவில் காதை வையுங்கள். நான் கூடத்து விளக்கை அணைத்துவிட்டு நகர்கிறேன்.