யார் வாசிக்கிறது

…உரிமம் முடிந்துவிட்டதாம், அதற்கும் இன்றைக்குத்தான் நாள் கிடைத்ததா, மதியம் தங்கை தினாராவை அழைத்துப்போக மாப்பிள்ளை வீட்டார் வந்துவிடுவார்கள், சமையலறையில் அத்தைகள் போர்சோக் மாவுத்துண்டுகளைப் பொரிக்கிறார்கள், நான் கொதிகலன் நிலையத்து இரவு வேலை முடிந்து முகம்கூடக் கழுவாமல் இந்தக் கணினித் திரையை வெறித்துக்கொண்டிருக்கிறேன், புதுப்பிக்கவும், புதுப்பிக்கவும் என்கிறது, புதுப்பிக்கப் போனால் என் பிஷ்கெக் வங்கி அட்டை செல்லாது என்கிறது. பெண் வாசலைத் தாண்டும்போது அப்பா தன் மூன்று தந்தி கோமுஸை வாசிக்க வேண்டும், அக்காவுக்கு வாசித்தார், பக்கவாதத்துக்குப் பிறகு அவருடைய இடது கை மடியில் கிடக்கிறது, அதற்கு முன் அவர் வாசித்த ஒரே பதிவு இந்த ஒலித்திருத்த மென்பொருளுக்குள் இருக்கிறது, இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து அதை இழைத்தேன், மூன்று தந்திகளையும் சுருதியில் நிறுத்தினேன், தாளத்தைக் கட்டங்களுக்குள் தள்ளினேன், இருமலை வெட்டினேன்… முடிந்தது என்று தனிக் கோப்பாக எடுத்துவைக்கத்தான் மனம் வரவில்லை, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று… என் வேலைக்குள் நுழைய நான் யாரிடம் அனுமதி கேட்பது?

“எத்தன தடவ சொன்னேன், எல்லாருக்கும் தொறந்து விட்டிருக்கிற இலவச மென்பொருள வச்சுக்கன்னு? டிராக்டர் மாதிரி இருக்குன்னு நக்கலடிச்சல்ல?” சோல்போன்தான், என்னோடு கொதிகலன் பார்ப்பவள், பேருந்திலிருந்து இறங்கி நேராக என்னோடு வந்துவிட்டாள். இப்பவும் டிராக்டர் மாதிரிதான் இருக்கு என்றேன். “இருக்கட்டும். அதோட சாவி உன் பையிலயே இருக்கும், யாரையும் கேக்க வேணாமில்ல? நகரு.” நகர்ந்தேன், அந்த அவலட்சணமான திரை திறந்தது, பழைய கோப்புறையிலிருந்து அவள் எதையோ இழுத்துப் போட்டாள். “உங்கப்பா வாசிச்சது, நீ மொதல்ல பதிஞ்சது, அப்படியே இருக்கு. நீ பண்ண ஜோடனைதான் உள்ள மாட்டிக்கிச்சு, அது வராது.” இரண்டு குளிர்காலம்… போகட்டும், வெறும் வாசிப்பாவது கிடைத்ததே, எந்த ஊரிலோ யாரோ சிலர் வேலை முடிந்து வந்து கூலியில்லாமல் இந்த மென்பொருளை எழுதியிருக்கிறார்கள், என் தங்கையின் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது, முகம் தெரியாதவர்களுக்கு எந்தப் பக்கம் திரும்பி நன்றி சொல்வது, சோல்போனுக்குச் சொல்லலாம், சொன்னால் ஒரு மாதம் சொல்லிக்காட்டுவாள், பரவாயில்லை, சொன்னேன். “சரி சரி, போர்சோக் எடுத்துட்டு வா” என்றாள்.

ஒலிக்கவிட்டாள். இருமல், நாற்காலி கிறீச்சிடுகிறது, பாதியில் நிறுத்தி ஒரு தந்தியின் சுருதியை இறக்குகிறார், நான் தப்பு என்று திருத்தியது இதைத்தானே, ஒவ்வொரு பாட்டுக்கும் கோமுஸை வேறு மாதிரி சுருதி கூட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாதா, தெரியும், ஆனால் திரையில் கட்டங்கள் இருந்தன… அடுத்த அறையிலிருந்து கால் இழுபடும் சத்தம், அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், வலது கைவிரல்கள் தொடையில் மீட்டுகின்றன.

“டேய், இது நான்டா” என்றார்.

நான் திருத்தியதைக் கேட்கும்போதெல்லாம் நல்லா இருக்கு, யார் வாசிக்கிறது என்றுதான் கேட்பார், நோய் அவர் நினைவைத் தின்றுவிட்டது என்று மருத்துவரிடம்கூடச் சொன்னேன், நீங்கதான்ப்பா நீங்கதான்ப்பா என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தேன்… அப்படியென்றால் இவ்வளவு நாளும் அவர் சரியாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தாரா?