சாப்பிட்டு எழும்பும்போது

சுபாங்கி குவாத்தமாலாவிலிருந்து திரும்பி வந்த அன்று யோகராணி புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்திருந்தாள். ஒரு வருடமாகக் கண்ணால் காணாத பிள்ளை. இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, தட்டோடு எழுந்து நின்று, "தாங்ஸ் அம்மா" என்றாள். பிறகு, ஃபோனில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த தகப்பன் பக்கம் திரும்பி, "தாங்ஸ் அப்பா" என்றாள்.

"நான் என்ன செய்தனான்?" என்றார் தியாகலிங்கம்.

பயணக் களைப்பில் ஏதோ சொல்கிறாள் என்று யோகராணி விட்டுவிட்டாள். அடுத்த நாளும் அப்படியே சொன்னாள். அதற்கடுத்த நாளும்.

"ஆருக்கடி தாங்ஸ்? கடையிலயோ சாப்பிட்டனி?"

"பழகிப்போச்சம்மா."

அந்தப் பதில்தான் யோகராணியைச் சுட்டது. நன்றி என்பது பஸ்ஸிலிருந்து இறங்கும்போது சாரதிக்குச் சொல்வது. கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் முன்பின் தெரியாதவருக்குச் சொல்வது. பெற்ற பிள்ளை சோற்றுக்கு நன்றி சொன்னால் அவள் விருந்தாளி. விருந்தாளி என்றால் ஒருநாள் புறப்பட்டுப் போய்விடுவாள்.

போன வருடம் அவள் புறப்பட்டபோதே மறித்துப் பார்த்தவள் யோகராணி. மார்க்கம் நகரில் நல்ல காப்புறுதிக் கம்பனி வேலை. அதை விட்டுவிட்டு, பெயர் வாயில் நுழையாத ஒரு மலையூரில், சந்தைக்காரப் பெண்களின் பிள்ளைகளுக்குப் பின்னேரங்களில் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்றாள். சம்பளமும் இல்லை. "உதவி செய்யிறதெண்டால் கிளிநொச்சியில செய்யலாமே, அங்கையும் பிள்ளையள் இருக்குதுகள்தானே" என்று யோகராணி கேட்டாள். சுபாங்கி சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

ஒவ்வொரு ஞாயிறும் வீடியோவில் பேசுவாள். விடியற்காலையில் சோளம் அரைக்க மில்லுக்குப் போனது, ஊர்ப் பெண்களோடு பொதுத் தொட்டியில் உடுப்புத் தோய்த்தது, தன்னுடைய ஸ்பானிஷைக் கேட்டு அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது என்று கதை கதையாய்ச் சொல்வாள். பின்னால் அடுப்படியில், இரட்டைப் பின்னல் போட்ட குள்ளமான ஒரு பெண் கையை அசைப்பாள். சுபாங்கி தங்கியிருந்த வீட்டுக்காரி, தொமாசா. யோகராணி ஒருநாளும் திருப்பிக் கை அசைத்ததில்லை.

இப்போது பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆனாலும் அந்தப் பெண் விட்ட பாடில்லை. கிழமைக்கு ஒருதரம் ஃபோன், ஒரே சிரிப்பு. 'திரும்பி வா எண்டுதான் கேக்கிறா போல' என்று யோகராணி சுவாமி அறையில் விளக்கேற்றும்போதெல்லாம் நினைத்துக்கொள்வாள்.

ஆனி மாதம் ஒரு நாள் சுபாங்கி சொன்னாள். "அம்மா, தொமாசான்ர மகன் வில்மர் இஞ்ச வந்திருக்கிறான். பிராட்போர்ட் பக்கம் ஒரு வெங்காயத் தோட்டத்தில சீசன் வேலை. ஞாயிறு லீவு. லஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு வரட்டே?"

"இஞ்சையோ? குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டிலயோ? ஒரு நல்ல கடையில கூட்டிக்கொண்டு போய் வாங்கிக் குடன்."

"ஒரு வருஷம் அவையின்ர வீட்டில சாப்பிட்டனான் அம்மா. கடையிலயோ வாங்கித் தந்தவை?"

"சரி, வரட்டும்" என்றாள் யோகராணி. ஆனால் மனதுக்குள் ஒன்றை முடிவு செய்துகொண்டாள். பெடியனுக்கு வயிறாரச் சோறு போடுவது. அவன் போகும்போது, 'என்ர பிள்ளையை இனிக் கூப்பிட வேண்டாமெண்டு உன்ர அம்மாட்டைச் சொல்லு' என்று அவனிடமே சொல்லிவிடுவது.

ஞாயிற்றுக்கிழமை வில்மர் வந்தான். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. நகக்கண்ணில் எவ்வளவு தேய்த்தும் போகாத கறுப்பு மண். கையில் ஒரு பை வெங்காயம். சுபாங்கி சொல்லிக்கொடுத்தபடி, "வணக்கம் அன்ரி, வணக்கம் அங்கிள்" என்றான்.

"வெங்காயத்தோட வாறான்! ஊரில எங்கட தோட்டமும் வெங்காயம்தானே, அப்ப எங்கட ஆளடாப்பா" என்று தியாகலிங்கம் பையை வாங்கிக்கொண்டார்.

சோறு, பருப்பு, கோழிக்குழம்பு, வாழைக்காய்ப் பொரியல். வில்மர் அப்பளத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான். தன் ஊர்ச் சோள ரொட்டி என்று நினைத்து, அதற்குள் சோற்றை வைத்து மடித்தான். அது நொறுங்கி அவன் மடியெல்லாம் கொட்டியது. தியாகலிங்கத்துக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. யோகராணிக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு இன்னும் இரண்டு அப்பளம் வைத்தாள். அவன் மூன்று தரம் சோறு வாங்கினான். தோட்டத்து விடுதியில் தன் கையாலேயே சமைத்துத் தின்கிற பிள்ளை என்பது அவன் சாப்பிட்ட விதத்தில் தெரிந்தது.

முடித்ததும் தட்டோடு எழுந்து நின்றான். "கிராசியாஸ், அன்ரி" என்றான். தியாகலிங்கத்துக்கும் சொன்னான். சுபாங்கிக்கும் சொன்னான். அவள் ஏதோ பதில் சொன்னாள். அதற்குப் பிறகும் அவன் நகரவில்லை. யோகராணியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏனடி நிக்கிறான்? இன்னும் வேணுமாமோ?"

"நீங்கள் பதில் சொல்லோணும் அம்மா. சாப்பிட்டு எழும்பேக்க மேசையில இருக்கிற எல்லாருக்கும் நன்றி சொல்லுவினம். 'சாப்பிட்டது உடம்பில ஒட்டட்டும்' எண்டு மற்றவை வாழ்த்தோணும். வாழ்த்தினாத்தான் போவான்."

பேச்சு எதைப் பற்றியென்று ஊகித்துவிட்ட வில்மர் ஏதோ சொல்லிச் சிரித்தான். சுபாங்கியின் முகம் சிவந்தது.

"என்னவாம்?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாமலோ இப்பிடிச் சிரிக்கிறான்? சொல்லடி."

சுபாங்கி தயங்கித் தயங்கிச் சொன்னாள். அங்கே போன புதிதில், வீட்டில் செய்வது போலவே, சாப்பிட்டாள், எழுந்தாள், தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். தன் சாப்பாடு பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்று தொமாசா நினைத்துவிட்டாள். தினமும் வைக்கும் அவரை விதைக் கறியை விட்டுவிட்டு, முட்டை பொரித்தாள். அதற்கும் பிள்ளை வாய் திறக்கவில்லை. கடைசியில், முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழியையே அடித்துக் குழம்பு வைத்துவிட்டாள்.

"அதுக்கும் நான் ஒண்டும் சொல்லேல்லை. பிறகு இவன்தான் வந்து கேட்டவன், 'என்ர அம்மா உனக்கு என்ன பிழை செய்தவ?' எண்டு. எனக்கு அழுகை வந்திட்டுது. நான் ஓடிப்போய்த் தொமாசாட்டைச் சொன்னனான், எங்கட வீட்டில அம்மாவுக்கு நன்றி சொல்லுறேல்லை, சொன்னா அம்மாவுக்கு நோகும் எண்டு."

"அதுக்கு அவ என்ன சொன்னவ?"

"சொன்னவ, 'அப்ப உன்ர அம்மாவுக்கு நீ சொல்லாம விட்டதையும் இஞ்ச சொல்லு. அவவுக்காக நான் கேட்டு வைக்கிறன்' எண்டு. அதால ஒவ்வொரு நாளும் ரெண்டு தரம் சொல்லுவன் அம்மா. ஒண்டு அவவுக்கு. மற்றது உங்களுக்கு."

யோகராணி அகப்பையைக் கழுவத் தொடங்கினாள். கழுவியதையே திரும்பவும் கழுவினாள். அடுப்படியில் நின்று, ஒரு சிரிப்போடு கையை அசைத்த அந்தப் பெண்ணின் முகம் நினைவில் வந்தது. இன்னொருத்தி பெற்ற பிள்ளையின் நன்றியை, தனக்கென்று எடுத்துக்கொள்ளாமல், உரியவளுக்காகப் பத்திரமாய் வைத்திருந்திருக்கிறாள். கடவுள் சில வேளைகளில் எவ்வளவு தொலைவில் போய் நமக்கு ஒரு சொந்தத்தை வைத்திருக்கிறார்!

வில்மர் இன்னும் தட்டோடு நின்றான்.

"உடம்பில ஒட்டட்டும், தம்பி" என்றாள் யோகராணி. அவனுக்குத் தமிழ் விளங்கவில்லை. ஆனால் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டு, தட்டைக் கழுவப் போனான்.

"தொமாசாவுக்கு ஃபோன் எடடி."

திரையில் இரட்டைப் பின்னல் தெரிந்ததும், யோகராணி ஃபோனைத் தன் கையில் வாங்கிக் கையை அசைத்தாள். தொமாசா இரண்டு கையாலும் அசைத்தாள்.

சொல்ல நினைத்து வைத்திருந்ததை யோகராணி மனதுக்குள் தேடிப் பார்த்தாள். அது அங்கே இல்லை.

"அவ எனக்காகக் கேட்டு வைச்சதெல்லாம் வந்து சேர்ந்திட்டுதெண்டு சொல்லு. பிறகு... அந்தக் கோழிக்குப் பதிலா வேற கோழி வாங்கினவவோ எண்டும் கேள்."

சுபாங்கி கேட்டதும் தொமாசா விழுந்து விழுந்து சிரித்தாள். ஃபோனைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடி, சேவலும் குஞ்சுகளுமாய் ஒரு கூட்டத்தையே காட்டினாள்.

விடுதியில் மற்றப் பெடியன்களும் இருப்பார்கள் என்று, யோகராணி தயிர் டப்பாக்களில் சோறும் குழம்பும் கட்டினாள். அப்பளத்தைத் தனியாகச் சுற்றி வைத்தாள். சுபாங்கி அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் யோகராணி சாப்பிட உட்கார்ந்தாள். தியாகலிங்கம் எதிரே அமர்ந்து வெங்காயத்தை உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டு முடித்து எழுந்தவள், தட்டோடு அப்படியே நின்றாள்.

"என்னப்பா, ஏன் நிக்கிறீர்?"

"தாங்ஸ்" என்றாள் யோகராணி.

"எனக்கோ? நான் என்ன செய்தனான்?"

"நீங்கள் ஒண்டும் செய்யேல்லை. பக்கத்தில இருந்தனீங்கள்தானே? வாழ்த்திவிடுங்கோ, நான் கை கழுவோணும்."