ஆமென் போடாத பொன்மலர்

காலையில் இன்பசேகரன் பல் துலக்கினாரோ இல்லையோ, பைபிள் வசனம் அனுப்பியிருப்பார். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் டைம் ஆபீஸில் அவருக்கு வேலை. யார் சைரனுக்கு முன்னால் வந்தார்கள், யார் சைரனுக்குப் பின்னால் வந்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்கள் என்று பார்த்துப் பார்த்து, எதிலும் நேரம் தவறாத பழக்கம் ரத்தத்தில் ஊறிவிட்டது. வசனமும் அப்படித்தான். முந்தின நாள் சாயந்திரமே செல்போனில் அடித்து, அனுப்பாமல் சேமித்து வைப்பார். விடிந்ததும் அதைத் திறந்து, 'சபை' என்று பெயர் வைத்திருந்த லிஸ்ட்டைக் காட்டி ஓர் அழுத்து அழுத்துவார். ஆயர் ஐயா தொடங்கி பாடகர் குழு ஜோனதன் வரை நாற்பது பேருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். எஸ்.எம்.எஸ். பேக் போட்டால் எத்தனை அனுப்பினாலும் கேள்வி கேட்காத இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் அது.

கொஞ்ச நேரத்தில் போன் மேஜைமேல் நடுங்க ஆரம்பிக்கும். ஆமென். ஆமென் பிரதர். ஆமென். ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் எலியாஸ் ஐயா மட்டும் தாராளமாக ஒரு வரி சேர்த்து, 'ஆமென், மிகவும் ஆறுதலாயிருந்தது' என்று போடுவார். அதைப் படித்துவிட்டுத்தான் இன்பசேகரனுக்கு இட்லி இறங்கும்.

அந்த லிஸ்ட்டில் பொன்மலரும் உண்டு. அவர் மனைவி. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளிடமிருந்து மட்டும் ஒரு நாளும் ஆமென் வந்ததில்லை.

"ஊரே ஆமென் போடுது பொன்னு. வூட்டுக்காரி நீ போட மாட்டேன்ற" என்று ஒரு நாள் கேட்டே விட்டார்.

"காட்பாடி வண்டிக்கு லேட் ஆவுது. குழம்புல உப்பு கம்மி, போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு அவள் பையை மாட்டிக்கொண்டு போனாள். படிப்பதே இல்லை என்று இன்பசேகரன் தீர்மானித்துவிட்டார். மனிதருக்கு அது உள்ளூர வலித்தது.

ஆனால் அவள்மேல் உயிரையே வைத்திருந்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை. நைட் டூட்டி முடித்து வந்து பகலில் தூங்குகிறவளுக்கு, சித்திரை மாதத்தில் அந்த ஷீட்டுக்கடியில் தூக்கம் எப்படி வரும்? ஈரத்துணியை முகத்தில் போட்டுக்கொண்டு அவள் புரளுவதைப் பார்க்க அவருக்கு மனசு ஆறாது. அவளுடைய நைட் டூட்டி அலவன்ஸும் இவருடைய ஓவர் டைமும் இருவர் பெயரிலும் இருந்த ஒரே கணக்கில் வருஷக்கணக்காகச் சேர்ந்துகொண்டிருந்தன. வரும் கோடைக்குள் தளம் போட்டுவிட வேண்டும். மேஸ்திரி சுப்பராயன் வந்து அளந்துவிட்டும் போய்விட்டார். கம்பி விலைதான் ஏறிக்கொண்டே போனது. இன்னும் கொஞ்சம் துண்டு விழுந்தது.

இந்த நிலையில்தான் புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுத்தார். வருஷத்துக்கு ஓர் அட்டை. எந்த வசனம் வருகிறதோ அதுதான் அந்தக் குடும்பத்துக்கு அந்த வருஷத்து வாக்கு. இன்பசேகரனுக்கு வந்தது, இருட்டில் ஒளித்து வைத்த பொக்கிஷங்கள் உனக்குத் தரப்படும் என்கிற வசனம். பக்கத்தில் நின்ற எலியாஸ் ஐயாவுக்குப் பொறுமையைப் பற்றி வந்திருந்தது. அவர் இன்பசேகரனின் அட்டையை எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். இவர் அதை வீட்டு ஷோகேஸ் கண்ணாடியில் ஒட்டிவைத்துவிட்டு, பொக்கிஷம் எந்தப் பக்கமாக வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பொங்கல் கழிந்து அது செல்போன் வழியாகவே வந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். 'உங்கள் மொபைல் எண்ணுக்கு லண்டன் குலுக்கலில் பெரும் பரிசு விழுந்துள்ளது. தொகையை வரவு வைக்க, வங்கிக் கணக்கு எண், கார்டு எண், ரகசிய எண் மூன்றையும் இந்த எண்ணுக்கு அனுப்பவும். யாரிடமும் சொல்ல வேண்டாம்' என்று இங்கிலீஷில் இருந்தது. அந்தக் கடைசி வரியில்தான் இன்பசேகரன் விழுந்தார். ஒளித்து வைத்த பொக்கிஷம் என்றால் யாரிடமும் சொல்லக்கூடாதுதானே?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கம்பெனியில் சம்பளத்தை பேங்கில் போட ஆரம்பித்து எல்லோருக்கும் ஏ.டி.எம். கார்டு கொடுத்தபோது, ஸ்டூல்மேல் ஏறி நின்று, "பின் நம்பரைக் கட்டினவன் கேட்டாலும் சொல்லாதீங்கம்மா" என்று தையல் செக்‌ஷன் பெண்களுக்குப் பிரசங்கம் செய்தவர் இதே இன்பசேகரன்தான். அவர்களும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார்கள்.

கட்டிங் செக்‌ஷன் மஹபூப் பாஷா அவருடைய பழைய தோஸ்த். சுற்றி வளைத்து, பரிசு விழுந்தால் எப்படி வரும் என்று அவரிடம் விசாரித்தார்.

"எங்க மச்சானுக்கும் இந்த மாரி ஒண்ணு வந்துச்சு. நம்பர் குட்த்தான், கணக்கத் தொடச்சிட்டானுங்க. பேஜாராப் பூடும், நீ கம்முனு அழிச்சிப் போட்டுடு இன்பா" என்றார் பாஷா, டிபன் பாக்ஸிலிருந்து தலையைத் தூக்காமலே.

அவருக்குப் பாவம் வாக்குத்தத்த அட்டை விஷயம் தெரியாது என்று இன்பசேகரன் இரக்கப்பட்டார். அவருடைய மச்சான் என்ன அட்டையா எடுத்திருந்தார்?

சாப்பாடு முடிந்து, டைம் ஆபீஸ் மூலையில் உட்கார்ந்து, கார்டைப் பார்த்துப் பார்த்து நம்பர்களை அடித்தார். நடுவில் இரண்டு பேர் லீவு கேட்டு வந்தார்கள். சேமித்து வைத்தார். மறுபடி எடுத்தார். மேனேஜர் கூப்பிட்டார். சேமித்து வைத்தார். பொன்மலரிடம் தளம் போட்ட பிறகுதான் சொல்வது என்று முடிவாகியிருந்தது. அவள் அண்ணாந்து பார்த்து வாயடைத்து நிற்கும் காட்சியை நினைத்தபோது கண்ணே கலங்கிவிட்டது.

சாயந்திரம் சைரன் ஊதியது. கூட்டமெல்லாம் வெளியேறிய பிறகு போனை எடுத்தார். சேமித்ததைத் திறந்தார். மனசுக்குள் ஒரு சின்ன ஜெபம். கண்ணை மூடியபடியே அனுப்பினார்.

கண்ணைத் திறப்பதற்குள் போன் நடுங்கியது. லண்டன்காரர்கள் இவ்வளவு சுறுசுறுப்பா என்று வியந்து பார்த்தார்.

'ஆமென்.'

ஜோனதன். அடுத்தது, 'ஆமென் பிரதர்.' அடுத்தது, 'ஆமென்.'

அவருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அனுப்பியது யாருக்கு என்று திறந்து பார்த்தார். சேமித்ததைத் திறந்தால் 'சபை'யைக் காட்டி அழுத்துவது இரண்டு வருஷத்துப் பழக்கம். கட்டைவிரல் தன் கடமையைத் தவறாமல் செய்துவிட்டது. கணக்கு எண், கார்டு எண், ரகசிய எண் எல்லாம் நாற்பது பேருக்குப் போயிருந்தன. நாற்பது பேரில் போன் கையில் இருந்தவர்களெல்லாம் ஆமென் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எலியாஸ் ஐயாவிடமிருந்தும் வந்தது. 'ஆமென், மிகவும் ஆறுதலாயிருந்தது.'

தம்முடைய ஏ.டி.எம். ரகசிய எண்ணில் எலியாஸ் ஐயாவுக்கு என்ன ஆறுதல் கிடைத்திருக்கும் என்று இன்பசேகரன் வெகுநேரம் யோசித்தார். பிறகுதான் சுருக்கென்றது. ஒருத்தரும் படிக்கவில்லை. இன்று மட்டும் இல்லை, என்றைக்குமே படித்ததில்லை. நம்பர் களவு போகாது என்று நிம்மதிப்பட வேண்டிய மனிதர், தனியாக உட்கார்ந்து துக்கப்பட்டார்.

துக்கம் தெளிந்ததும் புத்தி தெளிந்திருக்கலாம். தெளியவில்லை. லண்டன் எண்ணைத் தேடி எடுத்து, அதே நம்பர்களை இந்த முறை சரியான இடத்துக்கு அனுப்புவதற்காக மறுபடி அடிக்க ஆரம்பித்தார். பாதி அடித்திருப்பார். போன் அடித்தது. பொன்மலர்.

"இன்னாங்க பண்ணி வெச்சிருக்கீங்க?" குரல் அமைதியாக இருந்தது. வார்டில் பயந்த நோயாளிகளிடம் பேசுகிற குரல்.

"ஒண்ணும் இல்ல பொன்னு. தெரியாம."

"பின் நம்பரத் தெரியாம யாராவது ஊருக்கே அனுப்புவாங்களா? எவன் கேட்டான்?"

இருட்டு, பொக்கிஷம், லண்டன், தளம் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். தளத்தைச் சொல்லும்போது குரல் உடைந்தது.

"கேத்தரின் சிஸ்டர் இப்பிடித்தான் நம்பர் குட்த்துட்டு, வார்டுல ஒக்காந்து அழுதாங்க. நான் பேங்குக்கு போன் பண்ணி கார்ட நிறுத்திட்டேன். பணம் அப்பிடியே இருக்குதாம். இன்னும் யாருக்காவது அனுப்பனீங்களா?"

இன்பசேகரன் பாதி அடித்ததை அழித்தார். "இல்ல" என்றார். அது இப்போது உண்மைதான்.

"எந்த பேங்குக்காரனும் ரகசிய நம்பரக் கேக்க மாட்டான். கேட்டா அவன் திருடன். தையல் செக்‌ஷனுக்கு நீங்கதான பாடம் எடுத்தீங்க."

"சரி பொன்னு." பிறகு தாங்க முடியாமல் கேட்டார். "நீ என் மெசேஜ படிப்பியா?"

"தெனமும் வண்டில ஏறனதும் அதான் வேல. போன வாரம் ஒரே வசனத்த ரெண்டு நாள் போட்டீங்க. தீபாவளிக்கு மறுநாள் போடவே இல்ல."

தீபாவளிக்கு மறுநாள் அவர் காய்ச்சலில் எழுந்திருக்காமல் கிடந்தார். அவள் டூட்டி முடிந்ததும் போன் செய்து, "கஞ்சி குடிச்சீங்களா" என்று கேட்டிருந்தாள். நைட் டூட்டிக்குப் போயிருந்தவளுக்குக் காய்ச்சல் எப்படித் தெரிந்தது என்று அன்றைக்கு அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. இப்போது தெரிந்தது.

"அப்ப ஏன் ஆமென் போடல?"

"படிச்சிட்டு யோசிக்கிறதுக்குள்ள ஸ்டேஷன் வந்துடுது" என்றாள் பொன்மலர்.

மறுநாள் காலையில் இன்பசேகரன் வசனம் அனுப்பவில்லை. அதற்குப் பதிலாக நேர்மையாக ஒன்று அடித்து அனுப்பினார். 'பரிசு என்று சொல்லி ரகசிய எண் கேட்டால் கொடுக்காதீர்கள். நான் கொடுக்கப் பார்த்தேன். மஹபூப் பாஷா சொல்லியும் கேட்காத முழு மடையன் நான். என் மனைவிதான் காப்பாற்றினாள்.'

போன் மேஜைமேல் நடுங்க ஆரம்பித்தது. ஆமென். ஆமென் பிரதர். ஆமென், மிகவும் ஆறுதலாயிருந்தது.

அவர் சிரித்துக்கொண்டே இட்லியைப் பிட்டார். காட்பாடி வண்டி ஸ்டேஷனை விட்டுக் கிளம்புகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் போன் இன்னும் ஒருமுறை நடுங்கியது. பொன்மலரிடமிருந்து, இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக.

'ஆமென்.'